தள்ளியது யார்?

வேலிக்குள் உயிர் – 9

பன்றியின் சிறுநீர்ப்பையை ஊசியால் குத்தினார் பாதிரியார். உள்ளே இருந்த சாராயம் ஓர் அடிக்கு மேல் பீய்ச்சியடித்தது.

ஆண்டு 1748. பாதிரியார் ழான் அந்துவான் நொல்லே. பெயருக்கு முன்னால் திருச்சபைப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர, பிழைப்பும் பித்தும் இயற்பியல்தான். 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து, மின்சாரம் பாய்ச்சி, அத்தனை பேரையும் ஒரே நொடியில் துள்ளவைத்து மன்னர் பதினைந்தாம் லூயிக்கு வேடிக்கை காட்டியவர். அந்த ஆளுக்கு இப்போது திரவங்கள் ஏன் கொதிக்கின்றன என்று தெரியவேண்டியிருந்தது. கரைந்திருக்கும் காற்றுக்கு அதில் பங்கு உண்டோ என்று சந்தேகம். காற்று நீக்கிய சாராயத்தில் மறுபடி காற்று சேராமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி செய்தார். கண்ணாடிக் குப்பியில் சாராயத்தை விளிம்புவரை நிரப்பி, வாயில் சிறுநீர்ப்பைத் தோலை இழுத்துக் கட்டி, குப்பியை அப்படியே தண்ணீருக்குள் அமிழ்த்திவைத்தார்.

ஐந்தாறு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், ஒரு சொட்டுக்கும் இடமில்லாமல் நிரம்பியிருந்த குப்பிக்குள் மேலும் ஏதோ புகுந்திருக்கிறது. தோல் பானை வயிறாகப் புடைத்து நிற்கிறது. அப்போதுதான் அந்த ஊசி.

நொல்லே அதோடு விட்டுவிடவில்லை. தண்ணீரை உள்ளேயும் சாராயத்தை வெளியேயும் மாற்றி வைத்தார். இந்த முறை தோல் உள்வாங்கிக் குழிந்தது. ஆக, எந்தப் பக்கம் இருந்தாலும் தண்ணீர்தான் சாராயத்தைத் தேடிப் போகிறது. இந்தத் தோல் சாராயத்தைவிடத் தண்ணீருக்கு எளிதாக வழிவிடுகிறது என்று எழுதிவைத்துவிட்டு, அவர் தன் கொதிநிலை ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கட்டுரையில் இது ஒரு கிளைக்கதை மட்டுமே.

சென்ற அத்தியாயங்களில் செல்லுக்கு ஒரு வேலி உண்டு என்று மனிதர்கள் ஒப்புக்கொண்ட கதையைப் பார்த்தோம். வேலி என்றால் போக்குவரத்து உண்டு. அந்தப் போக்குவரத்தில் ஒரு பெரும் பகுதிக்கு வண்டியும் இல்லை, கூலியும் இல்லை. சரக்கு தானே நகர்கிறது. இதை ஏற்றுக்கொள்ள விஞ்ஞானத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. நகர்கிற ஒன்றைக் கண்டால், “தள்ளியது யார்?” என்று கேட்கத்தான் மனித புத்தி பழகியிருக்கிறது.

நொல்லே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டவர் ஆன்றி துத்ரோஷே. 1776-இல் பிறந்தவர், பிரபுக் குடும்பம், பிரெஞ்சுப் புரட்சியில் சொத்தெல்லாம் போயிற்று. மருத்துவம் படித்து, ராணுவ மருத்துவராக ஸ்பெயினுக்குப் போய், கடும் காய்ச்சலில் விழுந்து, உத்தியோகத்தை விட்டுவிட்டு பிரான்சின் துரேன் பகுதியில் தாயாரோடு குடியேறினார். ஆய்வுக்கூடம், பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு நுண்ணோக்கியும் நிறைய நேரமும்.

ஒருநாள் அடிபட்ட மீனின் வாலில் படர்ந்திருந்த பூசணத்தை நுண்ணோக்கியில் பார்க்கிறார். நூலிழை முனையில் இருந்த சின்னஞ்சிறு உறைக்குள் பின்பக்கமாகத் தண்ணீர் நுழைகிறது, முன்பக்கமாக உள்ளிருந்த உருண்டைகள் வெளியே தள்ளப்படுகின்றன. பிறகு ஓடில்லா நத்தை ஒன்றின் விந்துப்பையைத் தண்ணீரில் போட்டார். அங்கேயும் இதே கூத்து. உடனே கோழிக்குடலை எடுத்து, கெட்டியான திரவத்தை நிரப்பி, இரு முனையும் கட்டித் தண்ணீரில் போட்டு எடை பார்த்தார். குடல் ஊதியது, எடை ஏறியது. அதன்பின் ஒரு கருவியே செய்துவிட்டார்: அடியில் தோல் கட்டிய புனல், மேலே நீண்ட கண்ணாடிக் குழாய். புனலுக்குள் சர்க்கரைப்பாகு, வெளியே தண்ணீர். குழாயில் திரவம் கண்ணெதிரே ஏறும். பாகு கெட்டியாக ஆக, ஏற்றமும் கூடும்.

நம் பள்ளிகளில் உருளைக்கிழங்கைக் குடைந்து, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டத்துக்குக் குண்டூசி குத்தி, தண்ணீர்த் தட்டில் வைத்துக் காத்திருந்தோமே, அந்த வைபவத்தின் மூதாதை இதுதான்.

துத்ரோஷேவுக்குத் தலைகால் புரியவில்லை. உயிரின் ரகசியமே சிக்கிவிட்டதாக நினைத்தார். 1826-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே உயிரியக்கத்தின் உடனடிக் காரணி என்று பொருள்படும். மரத்தில் சாறு ஏறுவது, உடலில் திரவங்கள் நகர்வது எல்லாவற்றுக்கும் இதுவே விசை என்றார். விசையைத் தருவது மின்சாரமாகத்தான் இருக்கவேண்டும் என்றார். அந்தக் காலத்தில் புரியாத எதற்கும் மின்சாரம்தான் காரணம். பெயரும் அப்படியே வைத்தார். ‘தள்ளுதல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து உள்தள்ளல், வெளித்தள்ளல் என்று இரண்டு சொற்களை உண்டாக்கினார். மின்சாரக் கதை நிற்கவில்லை. சொல் நின்றுவிட்டது. அதுதான் பின்னாளில் சுருங்கி ஆஸ்மாஸிஸ் ஆயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நம் பாடநூல் ஆக்கியவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘சவ்வூடு பரவல்’. சவ்வின் ஊடாகப் பரவுகிறது, அவ்வளவுதான். தள்ளுகிறவர் யாரும் அந்தச் சொல்லில் இல்லை. கலைச்சொல்லாக்கத்தைக் கேலி செய்வது நம்மில் பலருக்குப் பொழுதுபோக்கு. இந்த ஓர் இடத்தில் தமிழ்ச் சொல், மூலச் சொல்லைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது.

அந்த உண்மையின் முதல் பாதியைக் கணக்காக எழுதியவர் அடால்ஃப் ஃபிக். 1855, சூரிச், வயது 26. உடற்கூறியல் கூடத்தில் வேலை, மனமெல்லாம் கணிதம். ஒரு குழாயின் அடியில் உப்பை வைத்தார். குழாயின் மேல்முனை நல்ல தண்ணீருக்குள் திறந்திருக்கும். அடியில் எப்போதும் உப்புக் கடல், உச்சியில் எப்போதும் நன்னீர். தராசிலிருந்து தொங்கும் ஒரு கண்ணாடிக் குண்டைக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வோர் உயரத்திலும் கரைசலின் அடர்த்தியைக் கண்டார். அது கீழிருந்து மேலே சீராகக் குறைந்துகொண்டே போயிற்று. சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்கு இரும்புக் கம்பியில் வெப்பம் பாய்வதைப் பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே முன்பே சமன்பாடாக்கியிருந்தார். உப்பும் அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்படும் என்றார் ஃபிக். இரண்டு இடங்களின் செறிவில் எவ்வளவு வித்தியாசமோ, அந்த அளவுக்கு ஓட்டம்.

ஏன் அப்படி? ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூடங்கள், நடுவே ஒரு கதவு. முதல் கூடத்தில் 40 குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். இரண்டாவது கூடம் காலி. எந்தக் குழந்தைக்கும் அடுத்த கூடத்துக்குப் போகும் எண்ணம் கிடையாது. கால் போன போக்கில் ஓடுகிறது, எதிலாவது மோதித் திரும்புகிறது, சில நேரம் கதவு வழியே வெளியேறிவிடுகிறது. அரை மணி கழித்துப் பார்த்தால் இங்கே ஏறக்குறைய 20, அங்கே ஏறக்குறைய 20. அதன் பிறகும் ஓட்டம் நிற்காது. போகிறவர்களும் வருகிறவர்களும் சமமாகிவிடுவதால் எண்ணிக்கை மாறாது. கூட்டம் அதிகமான பக்கத்திலிருந்து கதவைத் தாண்டுகிறவர்கள் அதிகம் என்பதைத் தவிர இதில் வேறு மர்மம் இல்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் ஆக்சிஜனுக்கும் நடப்பது இதுதான். நீருக்குள் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டே இருப்பதால் வரும் நகர்வு. 1905-இல் ஐன்ஸ்டைன் அந்தத் தள்ளாட்டத்துக்குக் கணக்குப் போட்ட பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

கால் போன போக்கில் நடப்பவர் தூரம் கடக்க மாட்டார். ஃபிக்கின் கணக்கும் இதையே சொல்கிறது: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு செல்லின் குறுக்களவை, அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை, சிறிய மூலக்கூறு ஒன்று நொடியின் சிறு பங்கில் கடந்துவிடும். ஒரு செ.மீ. கடக்கப் பல மணி நேரம் ஆகும். ஒரு மீட்டர் என்றால் பல ஆண்டுகள். நுரையீரலிலிருந்து கால் கட்டைவிரலுக்கு ஆக்சிஜன் தானாகப் பரவட்டும் என்று விட்டால் பிழைக்க முடியாது. அதனால்தான் செல்கள் இவ்வளவு சிறியவை, அதனால்தான் நமக்கு இதயமும் ரத்தக் குழாய்களும். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று ஆக்சிஜனை வைத்தே கணக்கிடும் முறையை 1870-இல் சொன்னவரும் இதே ஃபிக்தான். (கண்ணில் பொருத்தும் கான்டாக்ட் லென்ஸை உருவாக்கிய ஃபிக் வேறு. அவர் இவருடைய அண்ணன் மகன். வளர்த்தவர் இவர்தான்.)

சரி, உப்பும் சர்க்கரையும் பரவுவது புரிந்தது. நடுவே ஒரு சவ்வு வந்து, அது தண்ணீரை விட்டு சர்க்கரையைத் தடுத்தால்? அப்போது அழுத்தம் பிறக்கிறது. நொல்லேயின் குப்பியில் தோலைப் புடைக்கவைத்த அழுத்தம். அதை அளக்கவேண்டுமானால் பன்றிப்பை உதவாது. அது சர்க்கரையையும் கொஞ்சம் கசியவிடும்.

தடுப்பது என்றால் முழுதாகத் தடுக்கும் சவ்வைச் செய்தவர் ஒரு ஒயின் வியாபாரி. பிரெஸ்லாவ் நகரத்து மோரிட்ஸ் டிராபே, குடும்பக் கடையைக் கவனித்துக்கொண்டே மிச்ச நேரத்தில் வேதியியல் செய்தவர். செம்பு உப்புக் கரைசலில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு விழுந்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழுப்பான மெல்லிய படலம் உண்டாகும். படலம் ஒரு பையாக மூடிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே புக, பை வீங்கும், கிழியும், கிழிந்த இடத்தில் புதுப் படலம் ஒட்டும், பை வளரும். 1867-இல் டிராபே இதைச் செயற்கைச் செல் என்றார். உயிரே இல்லாத ரசாயனம் செடிபோல் வளர்வதைப் பார்த்தவர்கள் மிரண்டார்கள்.

டிராபேயின் படலம் தொட்டால் கிழியும். அழுத்தம் அளக்க வலு வேண்டும். வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற தாவரவியலாளர் அந்தப் படலத்தை மண்குவளையின் நுண்துளைகளுக்குள்ளேயே படியவைத்தார். படலத்தைக் குவளைச் சுவர் தாங்கிக்கொண்டது. உள்ளே சர்க்கரைக் கரைசல், மேலே பாதரச அழுத்தமானி. (ஜெர்மன் மொழியில் ஃபெஃபர் என்றால் மிளகு. காரம் குறையாத உழைப்பாளி.) குவளைகள் பெரும்பாலும் கசிந்தன. கசியாதவற்றில் எடுத்த அளவுகளை 1877-இல் நூலாக வெளியிட்டார். 1 சதவீத சர்க்கரைக் கரைசல் பாதரசத்தைச் சுமார் 53 செ.மீ. உயர்த்தியது. 2 சதவீதம் சுமார் 101 செ.மீ. 6 சதவீதம் 307 செ.மீ. நாம் தேநீரில் போட்டுக் குடிக்கிற சர்க்கரை, மூன்று மீட்டர் பாதரசத்தைத் தூக்கி நிறுத்துகிறது! வாடிய கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்தால் அது நிமிர்ந்து நிற்பதற்கும், நாற்று தரையைப் பிளந்து தலைநீட்டுவதற்கும் பின்னால் இருப்பது இந்த அழுத்தம்தான்.

எண்கள் கிடைத்தன. ஆனால் அந்த எண்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று ஃபெஃபருக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் போல அவை நூலில் தூங்கின. ஆம்ஸ்டர்டாம் தெரு ஒன்றில் வேதியியலாளர் வான்ட் ஹாஃப், தன் சக பேராசிரியர் ஹ்யூகோ டி வ்ரீஸைச் சந்திக்கிறார். டி வ்ரீஸ் தாவரவியலாளர், செடிகளின் செல்லை உப்புநீரில் போட்டுச் சுருங்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். பேச்சுவாக்கில் ஃபெஃபரின் அளவுகளைச் சொல்கிறார். வீட்டுக்குப் போய் வான்ட் ஹாஃப் கணக்குப் போட்டார். கரைந்திருக்கும் சர்க்கரையின் மூலக்கூறுகளை, அதே கன அளவு கொண்ட காலிப் பாத்திரத்தில், அதே வெப்பநிலையில் ஒரு வாயுவாக அடைத்துவைத்திருந்தால் எவ்வளவு அழுத்தம் தருமோ, கிட்டத்தட்ட அவ்வளவே அழுத்தம். சைக்கிள் டியூப் காற்றுக்கு என்ன விதியோ, அதே விதி சர்க்கரைப்பாகுக்கும். மின்சாரமும் இல்லை, உயிர்விசையும் இல்லை, சர்க்கரைக்குத் தண்ணீர் மேல் ஆசையும் இல்லை. எத்தனை மூலக்கூறுகள், எவ்வளவு சூடு என்பது மட்டுமே கணக்கு. 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குப் போனபோது, பரிசுக் குறிப்பில் இந்த அழுத்தமும் இடம்பெற்றிருந்தது.

இதன் பலன் மருத்துவமனைப் படுக்கைவரை வந்தது. ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடிக்கும், கடும் உப்புநீரில் போட்டால் உலர்ந்த திராட்சையாகச் சுருங்கும். இரண்டும் இல்லாமல் நிற்கிற அளவை நெதர்லாந்தின் ஹாம்பர்கர் ஆராய்ந்தார். இன்று எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் தொங்குகிற சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று எழுதியிருக்கிறதே, அதன் கணக்கு அதே ஆராய்ச்சி வழியில் வந்தது.

தள்ளுகிறவர் இல்லை என்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி கதவைப் பற்றியது. செல்லின் வேலி எதனால் ஆனது? அது யாரை விடுகிறது?

இங்கிலாந்தில் பிறந்து சூரிச்சில் வளர்ந்த எர்னஸ்ட் ஓவர்ட்டன், 1890-களில் செடிகளின் வேர்த்தூவிகளை வைத்து இதைப் பொறுமையாகச் சோதித்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்கள். ஒவ்வொன்றையும் கரைத்து, செல்லை அதில் போட்டு, சுருங்குகிறதா, சுருங்கினால் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று பார்ப்பது. பொருள் உள்ளே நுழைய முடியாவிட்டால் செல் சுருங்கியே கிடக்கும். நுழைந்துவிட்டால் நிமிரும். சர்க்கரையும் அமினோ அமிலமும் வெளியே நின்றன. ஆல்கஹாலும் ஈதரும் குளோரோஃபார்மும் வாசல் இல்லாத வீட்டுக்குள் பேய் நுழைவதுபோல் நுழைந்தன. பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தபோது ஒரு விதி துலங்கிற்று: எண்ணெயில் எளிதாகக் கரைவது செல்லுக்குள்ளும் எளிதாகப் போகிறது. அப்படியானால் வேலியே எண்ணெய்தான். கொலஸ்ட்ராலும் லெசிதினும் போன்ற கொழுப்புகள் என்று ஓவர்ட்டன் ஊகித்தார். மயக்க மருந்துகள் வேலை செய்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று தலைப்பிரட்டைகளை மயங்கவைத்து 1901-இல் ஒரு நூலும் எழுதினார்.

இதில் வியப்பு என்னவென்றால், அவர் அந்தச் சவ்வைக் கண்ணால் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது. மில்லிமீட்டரை ஒரு லட்சம் பாகமாக நறுக்கினால் ஒரு பாகம் எவ்வளவோ, அதைவிட மெல்லியது அது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து அதை இரண்டு கருங்கோடுகளாகக் காட்ட 1950-கள் ஆயின. யார் உள்ளே போகிறார், யார் வாசலில் நிற்கிறார் என்பதை மட்டும் வைத்து, காவலாளி யார் என்று சொல்லிவிட்டார் ஓவர்ட்டன்.

எத்தனை அடுக்கு என்று சொன்னவர்கள் லெய்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் எவர்ட் கோர்ட்டரும் அவருடைய துணைவர் கிரெண்டலும். 1925. சிவப்பணுக்களிலிருந்து அசிட்டோன் கொண்டு கொழுப்பைப் பிரித்தெடுத்தார்கள். நீர்ப்பரப்பில் அதைப் பரவவிட்டு ஒரு மூலக்கூறு கனத்துக்கு ஒடுக்கி, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்தார்கள். அந்தச் செல்களின் மொத்தப் பரப்பைப்போல் இரு மடங்கு வந்தது. ஆகவே கொழுப்பு இரண்டு அடுக்கு. கொழுப்பு மூலக்கூறுகளின் வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி, தலைகள் இரு பக்கமும் நீரைப் பார்த்தபடி. இன்றும் பாடநூல் படம் இதுதான். நாற்பது வருடம் கழித்துச் சரிபார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. செல்லின் பரப்பையும் அவர்கள் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தவறும் எதிரெதிர்த் திசையில் விழுந்து, ஒன்றையொன்று தின்று, விடை சரியாக வந்துவிட்டது. தேர்வில் நமக்கு இப்படி நடந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்போம்.

எண்ணெய் வேலிக் கொள்கையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று குளுக்கோஸ் என்ற சர்க்கரை, மற்றது தண்ணீர். இரண்டும் எண்ணெயோடு சேராதவை. இரண்டும் சிவப்பணுவுக்குள் ஜோராகப் போய்வருகின்றன.

சர்க்கரை விஷயத்தில் துப்பு கொடுத்தது வரிசையின் நீளம். சாதாரணப் பரவலில் வெளியே செறிவு இரட்டித்தால் உள்ளே போகும் வேகமும் இரட்டிக்கும். குளுக்கோஸுக்கு அப்படி இல்லை. ஓரளவுக்கு மேல் வெளியே எவ்வளவு கொட்டினாலும் வேகம் கூடுவதில்லை. ரேஷன் கடையில் வரிசை தெருமுனைவரை நீண்டாலும், எடைபோடுகிறவர் ஒருவர்தான் என்றால் மணிக்கு இத்தனை அட்டைதான் நகரும். அப்படியென்றால் சவ்வில் எங்கோ ஒரு கவுன்டர் இருக்கிறது. பிரிட்டனின் வில்ஃபிரெட் விட்டாஸ் 1952-இல் இதைக் கணக்காக எழுதினார். 1985-இல் அந்தக் கவுன்டர், 492 அமினோ அமிலங்களால் ஆன ஒரு புரதம் என்று தெரிந்தது. இதிலும் தள்ளுகிறவர் கிடையாது என்பதைக் கவனிக்கவேண்டும். அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கே போகும். கதவு எதையும் இழுப்பதில்லை, திறக்கிறது, அவ்வளவே. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் இதே குடும்பத்துக் கதவுகள் செல்லின் உள்ளே மடித்துவைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து சொன்னால்தான் சவ்வுக்கு வந்து பொருந்தும். இன்சுலின் இல்லாவிட்டாலோ, அதன் பேச்சு எடுபடாவிட்டாலோ வாசலில் சர்க்கரை குவிந்து கிடக்கும், உள்ளே பட்டினி. சர்க்கரை நோயில் நடப்பவற்றுள் இது முக்கியமானது.

தண்ணீர் கதை இன்னும் இழுத்தது. கொழுப்புச் சவ்வின் இடுக்கு வழியே தண்ணீர் எப்படியோ கசிகிறது என்று பலர் திருப்திப்பட்டுவிட்டார்கள். கசிவது உண்மைதான். ஆனால் சிவப்பணுவிலும் சிறுநீரகக் குழாயிலும் போகிற வேகம் கசிவின் வேகம் அல்ல. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டி, ஓரிரு லிட்டர் தவிர எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. 1970-இல் மேசி, ஃபார்மர் என்ற இருவர் பாதரசச் சேர்மத்தைச் சேர்த்துப் பார்த்தபோது சிவப்பணுவில் தண்ணீரின் வேகம் சடாரென்று விழுந்தது. பாதரசம் புரதத்தைப் பிடிக்கிற பொருள். பூட்டு விழுந்தது என்றால் கதவு இருந்திருக்கிறது. ருமேனியாவின் குளூஜ் நகரத்தில் கெயோர்கே பெங்கா, 1986-இல் கதிரியக்கம் ஏற்றிய பாதரசச் சேர்மத்தை வைத்து, எந்தப் புரதங்களில் அது போய் ஒட்டுகிறது என்றுகூடச் சொல்லிவிட்டார். உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் பீட்டர் அக்ரேவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லை. அவர் தேடியது ரத்தப் பிரிவில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அந்த ஆர்எச் புரதத்தை. அதைப் பிரித்தெடுக்கும்போது கூடவே இன்னொன்று வந்துகொண்டே இருந்தது. அழுக்கு என்று முதலில் நினைத்தார்கள். வழக்கமான நீலச் சாயத்தில் நிறம் பிடிக்காததால் அதுவரை யார் கண்ணிலும் படாத புரதம். எண்ணிப் பார்த்தால் ஒரு சிவப்பணுவில் சுமார் 2 லட்சம் பிரதிகள்! சிறுநீரகக் குழாயிலும் ஏராளம். இவ்வளவு இருக்கிற ஒன்றுக்கு வேலை இல்லாமலா இருக்கும்? பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். குடும்பத்தோடு விடுமுறை முடிந்து திரும்பும் வழியில் வட கரோலினாவில் தன் பழைய ஆசான் ஜான் பார்க்கரைப் பார்க்கப் போனார். சிவப்பணுவும் சிறுநீரகமும் என்று கேட்டதும் பார்க்கர், எல்லோரும் தேடும் தண்ணீர்க் கதவாக இருக்குமோ என்றார்.

சோதனைக்குத் தவளை முட்டை. குளத்தில் கிடக்கிற முட்டை தண்ணீரை உள்ளே விட்டால் உருப்படாது. இயற்கையிலேயே தண்ணீருக்கு இறுக மூடியது. அக்ரேவின் கூடத்தில் கிரிகரி பிரெஸ்டன் அந்த முட்டைகளுக்குள் புதிய புரதத்தின் செய்முறை கொண்ட ஆர்என்ஏவை ஊசியால் ஏற்றினார். முட்டை அந்தப் புரதத்தைச் செய்து சவ்வில் பொருத்திக்கொள்ளும்வரை காத்திருந்தார்கள். பிறகு இரண்டு முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டார்கள். ஆர்என்ஏ பெறாத முட்டை அசையாமல் கிடந்தது. பெற்ற முட்டை ஊதியது, ஊதியது, சில நிமிடங்களில் வெடித்தது. பாதரசம் சேர்த்தால் வெடிக்கவில்லை. 1992-இல் ஆய்வு வெளிவந்தது. நொல்லேயின் தோல் புடைத்து 244 வருடங்கள்.

அக்குவாபோரின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதத்தின் வடிவம் 2000-இல் தெரிந்தது. நடுவில் இடை ஒடுங்கிய உடுக்கை. ஒடுங்கிய இடத்தில் நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் போகமுடியும். அப்படியும் ஒரு கதவு வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி. ஹைட்ரஜன் அயனி மட்டும் நீர் வரிசையைப் பிடித்துத் தாவிவிட முடியாது. உள்ளே மின்னூட்டங்கள் அப்படி அமைந்திருக்கின்றன. அது தாவினால் செல்லின் அமிலநிலை குலைந்துபோகும். மனிதர்களுக்கு இந்த வகைக் கதவு 13. செடிகளுக்கு இன்னும் அதிகம். நின்ற இடத்தில் நின்றே தண்ணீரைச் சமாளிக்கவேண்டியவை அவை.

2003-இல் அக்ரேவுக்கு நோபல் கிடைத்தது. பொட்டாசியம் கதவின் வடிவத்தைக் கண்ட மெக்கினன் பாதியைப் பகிர்ந்துகொண்டார். பெங்கா பெயர் இல்லை. அவருக்காகக் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். புரதத்தைப் பிரித்து, மரபணுவைப் படித்து, முட்டையை வெடிக்கவைத்து நிரூபித்தது அக்ரேதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர்க் கதவைத் தேடிப் போய் அதன் அடையாளத்தைத் தொட்டவர், தேடாமலே அதில் தடுக்கி விழுந்தவருக்கு ஒரு வரி மேற்கோளாகக்கூட அப்போது தெரியவில்லை என்பது நெருடுகிறது. குளூஜில் வெளிவந்த ஆய்வு பால்டிமோரில் வெளிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆக, எண்ணெய்ச் சுவர், அதில் சர்க்கரைக்கு ஒரு கதவு, தண்ணீருக்கு ஒரு கதவு, அயனிகளுக்குத் தனித்தனிக் கதவுகள். எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே பாய்கின்றன. தள்ளுகிறவர் வேண்டாம். கதை முடிந்ததுபோல் தோன்றும்.

ஆனால் இந்தக் கணக்கின்படி, போதுமான நேரம் விட்டால் செல்லின் உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடவேண்டும். உங்கள் விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளந்துபாருங்கள். சிவப்பணுவுக்கு உள்ளே பொட்டாசியம், வெளியே இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். சோடியம் அதற்கு நேர்மாறு: வெளியே மிகுதி, உள்ளே சொற்பம். வாழ்நாள் முழுக்க இப்படியே. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு யாரோ ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை காலம் இல்லாத ஒருவரைத் தேடி, அவர் இல்லை என்று நிரூபித்து முடித்த இடத்தில், அவரே வந்து நிற்கிறார். 1950-களில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில், மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று அறிய நண்டுக்கால் நரம்புகளை அரைத்துக்கொண்டிருந்த ஜென்ஸ் ஸ்கோ என்ற மருத்துவர் கையில் அவர் அகப்பட்டார். அடுத்த வாரம் நண்டுகளோடு சந்திப்போம்.

(தொடரும்)